தம்பி, ரசீது கேள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கைமாற்றும் கடனுமாகச் சேர்த்து ஒரு பழைய டாடா ஏஸ் எடுத்திருக்கிறாய். சேத்தியாத்தோப்பிலிருந்து காய்கறியும் முந்திரிக்கொட்டையும் ஏற்றிக்கொண்டு வடலூர், குறிஞ்சிப்பாடி, கடலூர் வழியாகப் பாண்டிக்கு ஓட்டப் போகிறாய். லோடு கிடைத்தால் கும்பகோணம் பக்கமும் போவேன் என்கிறாய். “ஆல்பேட்டை செக்போஸ்டில் நிறுத்தினால் என்ன பேச வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும்?” என்று கேட்டிருக்கிறாய். எவ்வளவு என்பதற்கு என் பதில் ஒன்றுதான்: ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதே. என்ன பேசுவது என்பதற்குத்தான் இந்த நீளமான கடிதம்.

நீ போகப்போகும் வழியை முதலில் புரிந்துகொள். கடலூரைத் தாண்டினால் புதுச்சேரி எல்லை வரும். கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம் கடந்ததும் ரெட்டிச்சாவடியில் மறுபடி தமிழ்நாடு. பிறகு தவளக்குப்பத்தில் திரும்பவும் புதுச்சேரி. வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் ஊர் ஊராகப் பிரித்துக்கொண்டதன் மிச்சம் இது. 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். கோடு மட்டும் அப்படியே நிற்கிறது. ஒரே சாலையில் இரண்டு அரசு, இரண்டு காவல்துறை, இரண்டு மதுச் சட்டம். இந்தப் பக்கம் வழக்கு, அந்தப் பக்கம் வியாபாரம். இப்படிப்பட்ட இடத்தில் சோதனை அவசியம்தான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். வண்டியை நிறுத்திப் பார்க்கிற காவலர் எல்லாரும் காசுக்கு நிற்கிறவர் அல்ல. வெயிலிலும் மழையிலும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிறவர்கள் அதிகம். காசுக்கு நிற்கிறவர் யார் என்பது உனக்கு இரண்டாவது வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்பே “என்ன, எப்படிப் பண்ணிக்கலாம்?” என்று கேட்பார்.

அதனால் காகிதத்திலிருந்து தொடங்குகிறேன். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., புகைச் சான்று ஐந்தையும் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ ஏற்றி வை. போனில் காட்டுவது அசலுக்குச் சமம் என்று மத்திய மோட்டார் வாகன விதியை 2018 நவம்பரிலேயே திருத்திவிட்டார்கள். ஆனால் போனை அவர் கையில் கொடுக்காதே. உன் கையில் பிடித்துக் காட்டு. உன் வண்டிக்கு எட்டு வயது தாண்டியிருந்தால் எஃப்.சி. வருடா வருடம். இதை மறந்தவர்கள்தான் சாலையோரத்தில் அதிகம் நிற்கிறார்கள்.

அடுத்தது, பர்மிட். ஏஸ் ஓட்டுகிற புதுப் பையன்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி, “பர்மிட் எங்கடா?” மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டிக்குப் பர்மிட்டே தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. “பேட்ஜ் இல்லையா?” என்பது இன்னொரு கேள்வி. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. இவற்றைத் தெரிந்து வைத்துக்கொள். ஆனால் அங்கே நின்று சட்ட வகுப்பு எடுக்காதே. “ஏஸுக்கு பர்மிட் வேண்டியதில்லைங்க சார், ஆர்.சி.யில் எடை போட்டிருக்கு பாருங்க” என்று அடக்கமாகச் சொன்னால் போதும்.

ஓவர்லோடு மட்டும் ஏற்றாதே. இதை அழுத்திச் சொல்கிறேன். சட்டப்படி அதற்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000. அந்தத் தொகையை வாயால் சொல்லித்தான் உன்னிடம் ஆயிரமோ இரண்டாயிரமோ வாங்குவார்கள். ‘அண்ணே, ரெண்டு மூட்டை சேர்த்துப் போட்டுக்கோ’ என்று சரக்குக்காரர் சொல்லும்போது, அந்த இரண்டு மூட்டை யார் தலையில் விழும் என்று யோசி. பாண்டிக்குப் போகும் சரக்கு வேறு மாநில விற்பனைக் கணக்கில் வரும். வரிக்குட்பட்ட சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் வேண்டும். பில் இல்லாத சரக்கை எடுக்கவே எடுக்காதே.

எல்லாம் சரியாக இருந்தும் ஓரங்கட்டச் சொல்லி, இது இல்லை அது இல்லை என்று இழுத்தால் நீ சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: “தப்பு இருந்தா சலான் போடுங்க சார், கட்டிடறேன்.” கோபம் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். இதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். இ-சலான் போட்டால் அதில் இடம், நேரம், பிரிவு, போட்டவர் யார் என்பதெல்லாம் பதிவாகிவிடும். இல்லாத குற்றத்தைத் தன் பெயரில் எழுத யாருக்கும் மனம் வராது. உண்மையிலேயே தப்பு இருந்தால் கட்டிவிடு. தப்பில்லை என்று நினைத்தால் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் அதற்கு எழுத்தில் ஒப்புகை தர வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 206-ஆம் பிரிவு இருக்கிறது. அந்த ஒப்புகையை வைத்து நீ வண்டி ஓட்டலாம். வண்டியையே பிடித்து வைப்பதற்கும் 207-ஆம் பிரிவு காரணங்களை வரையறுத்திருக்கிறது. சாவியைப் பிடுங்கிக்கொண்டு பேரம் பேசலாம் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

இதில் உனக்குக் கஷ்டம் இருக்கிறது என்பதும் தெரியும். தக்காளியும் கத்தரியும் வண்டியில் இருக்கும்போது அவர்களுக்குப் பலமே வெயில்தான். ‘இரு, அதிகாரி வரட்டும்’ என்று இரண்டு மணி நேரம் நிறுத்தினால் கொடுக்க வேண்டியதைவிட அதிகம் நஷ்டமாகும். பத்து நடை ஓட்டினால் ஒரு நடை அப்படிப் போகலாம். அதையும் தாங்கிக்கொள் என்று உன்னிடம் சொல்வது எனக்கு எளிதல்ல. ஆனால் மாசத்துக்கு இவ்வளவு என்று மாமூல் பேசிவிட்டால் தொல்லை விடும் என்று உன் கூட்டாளிகள் சொல்வதை நம்பாதே. பேசி முடித்த அதிகாரி மாறுதலாகிப் போவார்; புதியவர் புது விலை சொல்வார். ‘இவன் கொடுக்கிற ஆள்’ என்கிற பெயர் மட்டும் உன் வண்டி நம்பரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். உன்னைப் பார்த்துப் பின்னால் வருகிறவனும் கொடுக்க வேண்டியிருக்கும்.

இப்போதெல்லாம் கையில் வாங்காமல் பக்கத்துக் கடை நம்பருக்கு ஜிபே பண்ணச் சொல்வதும் நடக்கிறது. அப்படி அனுப்பும்படி நெருக்கினால் அந்தப் பரிவர்த்தனையே சாட்சி. ஒன்றைக் கவனி: ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் ஏழு நாளுக்குள் புகார் சொல்லிவிட்டால் உன்மேல் குற்றம் வராது. அதனால் பயத்தில் கொடுத்துவிட்டாலும் சும்மா இருந்துவிடாதே. லஞ்ச ஒழிப்புத் துறைக்குக் கடலூரிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணமில்லா எண் 1064. தொடர்ந்து கேட்கிறவராக இருந்தால் ஃபினாப்தலின் பொடி தடவிய நோட்டை உன்னிடம் கொடுத்தனுப்பிப் பொறிவைப்பார்கள். வாங்கிய கையைச் சோடா கரைசலில் முக்கினால் கரைசல் இளஞ்சிவப்பாகும்.

மது விஷயத்தில் ஒரு சலுகையும் பேசாதே. பாண்டியில் விலை குறைவு என்று ஒரு குவாட்டர்கூட வண்டியில் வைக்காதே. மதுவிலக்குச் சட்டத்தில் மாட்டினால் வண்டியைப் பறிமுதல் செய்து ஏலம் விடலாம். தவணை மட்டும் உன் தலையில் நிற்கும். திரும்பி வரும்போது ‘கடலூர்ல ஒருத்தர் வாங்கிக்குவார்’ என்று யாராவது ஒட்டிய அட்டைப்பெட்டியைக் கொடுத்தால், உன் கண்முன்னே பிரித்துக் காட்டச் சொல். காட்ட மறுத்தால் இறக்கிவிடு. உறவுக்காரர் கொடுத்தாலும் அப்படித்தான்.

இனி எழுதுவதை உன் வீட்டாரையும் உட்கார வைத்துப் படி. சாலையில் நடப்பது காசோடு போகும். ‘ஸ்டேஷனுக்கு வா’ என்று சொல்லிவிட்டால் அது வேறு.

நம் பக்கத்துக் கம்மாபுரத்தில் 1993 மார்ச்சில் நடந்தது உனக்குச் சினிமாவாகத் தெரியும். ‘ஜெய் பீம்’ படத்தில் இருளராகக் காட்டப்பட்டவர் உண்மையில் முதனை கிராமத்துக் குறவர், ராஜாக்கண்ணு. திருட்டுப் புகார் ஒன்றில் காவலர்கள் அவரைக் கொண்டுபோய் அடித்தார்கள். தேடிப்போன மனைவியிடம் ‘தப்பி ஓடிவிட்டான்’ என்றார்கள். ராஜாக்கண்ணுவின் உடல் மீன்சுருட்டி எல்லையில் அடையாளம் தெரியாத பிணமாகக் கிடைத்தது. நீ கும்பகோணத்துக்கு லோடு எடுத்துக்கொண்டு போனால் தாண்ட வேண்டிய அதே மீன்சுருட்டிதான். அன்றைக்குக் கம்மாபுரம் தென்னாற்காடு மாவட்டம்; மீன்சுருட்டி திருச்சி மாவட்டம். ஒரு மாவட்டத்துக் கைதி அடுத்த மாவட்டத்தில் பெயரில்லாத பிணம். இந்த ஸ்டேஷன் பதிவேட்டில் தப்பி ஓடியவர், அந்த ஸ்டேஷன் பதிவேட்டில் யாரோ. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வைத்தது அந்தப் பெண் உயர் நீதிமன்றத்தில் போட்ட ஆட்கொணர்வு மனு. அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் சந்துரு பின்னாளில் அதே நீதிமன்றத்தின் நீதிபதியானார். காவலர்கள் தண்டனை பெற்றார்கள், ஆனால் அதற்குப் பதின்மூன்று வருடம் ஆனது.

அது பழைய கதை என்று சொல்ல முடியவில்லை. 2020 நவம்பரில் காடாம்புலியூர் முந்திரி வியாபாரி செல்வமுருகன், நெய்வேலி காவல்துறை கைது செய்து விருத்தாசலம் கிளைச் சிறைக்கு அனுப்பிய சில நாளில் இறந்தார். அடித்துச் சித்திரவதை செய்ததால்தான் என்று குடும்பத்தார் சொன்னார்கள், விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. அதே வருடம் ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் போலீஸ் ஸ்டேஷனில் அடிபட்டு இறந்தார்கள். அங்கே ஸ்டேஷன் கேமராவில் பதிவுகளைச் சேமிக்க இடம் இருந்தும், தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தது மாஜிஸ்திரேட் போய்ப் பார்த்தபோது தெரிந்தது. உள்ளே நடந்ததைச் சொல்லத் துணிந்தவர் அதே ஸ்டேஷனின் தலைமைக் காவலர் ரேவதி. உடையைப் போட்டுக்கொண்டே உண்மை பேசிய அந்தப் பெண்ணை நான் மிகவும் மதிக்கிறேன். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாரைப் போலீஸார் அடித்ததை ஒருவர் ஒளிந்திருந்து போனில் எடுத்த படம்தான் நாட்டுக்குக் காட்டியது. இத்தனையிலும் நான் பார்ப்பது ஒன்றுதான்: எழுதாத இடத்தில், யாரும் பார்க்காத இடத்தில்தான் கை ஓங்குகிறது.

அதனால் உன்னைக் கூப்பிட்டால் எதற்கு, எந்த வழக்கில் என்று கேள். ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் பெரும்பாலும் முதலில் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு இது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது நோட்டீஸ் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. உன் அம்மாவையோ, அறுபது வயது தாண்டிய உன் அப்பாவையோ சாட்சி விசாரணை என்று ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது. வீட்டுக்குத்தான் வர வேண்டும். கைது செய்தால் கைதுக் குறிப்பாணை எழுதி உள்ளூர் சாட்சி கையெழுத்து வாங்க வேண்டும். உன் வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கே போனதும் அடித்தார்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டால் உண்மையைச் சொல், கேட்காவிட்டாலும் சொல். பின்னால் நிற்கிறவர் முறைப்பார். ஆனாலும் சொல். எல்லைத் தகராறு சொல்லிப் புகாரை வாங்க மறுத்தால், எந்த ஸ்டேஷனும் முதலில் பதிவு செய்துவிட்டுப் பிறகு உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று அதே பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. ரெட்டிச்சாவடிக்கும் கிருமாம்பாக்கத்துக்கும் நடுவில் ஓடுகிற உனக்கு இது மிக முக்கியம். 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கிடைக்கும். அதை உன் அக்கா போனிலும் பதிந்து கொடு. ஒவ்வொரு நடையிலும் கிளம்பும்போதும் சேர்ந்ததும் அவருக்கு ஒரு குரல் செய்தி அனுப்பு. எந்த இடத்தில் நிறுத்தினார்கள், சட்டையில் என்ன பெயர் இருந்தது, என்ன கேட்டார்கள் என்பதை வண்டியில் ஒரு நோட்டில் அன்றன்றைக்கே எழுது.

லோடுமேனாக ஒரு பையனை வைத்துக்கொள்வேன் என்று எழுதியிருக்கிறாய். அவன் காலனிப் பையனாகவோ, குறவர், இருளர் வீட்டுப் பிள்ளையாகவோ இருந்தால் முதலில் அவனைத்தான் இறக்குவார்கள். பழைய திருட்டு வழக்கு ஒன்றில் கணக்குக் காட்ட ஆள் தேவைப்படும்போது அவர்கள் கண் போவது அந்தக் குடிகள்மேல்தான். ‘நீ வண்டிய எடுத்துக்கிட்டுக் கிளம்பு, இவன் இருக்கட்டும்’ என்று சொன்னால் கிளம்பாதே. தக்காளி அழுகினாலும் போகட்டும். அவன் வீட்டுக்கும் உன் அக்காவுக்கும் போன் பண்ணிவிட்டு அங்கேயே நில்.

கடைசியாக, நீ அனுப்பிய ஆர்.சி. படத்தைப் பார்த்தேன். இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறது. விற்றவரிடம் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கு. பழைய பைனான்ஸ் பாக்கி எதுவும் இல்லை என்ற சான்றையும் கேள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்று, இன்சூரன்ஸையும் உன் பெயருக்கு மாற்று. வாங்கி 30 நாளுக்குள் ஆர்.சி. பெயர் மாற்றத்துக்கும், 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் மாற்றத்துக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை பாண்டி லோடு எதுவும் ஒப்புக்கொள்ளாதே. பெயர் மாறியதும் எனக்கு எழுது. இ-வே பில் எப்படிப் போடுவது என்று அடுத்த கடிதத்தில் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்
சேத்தியாத்தோப்பு