ஜெயித்த பிறகு வரும் ஆட்டம்

அன்புள்ள குட்டிமா,

போன வாரம் போனில் பேசும்போது, அடுத்த மாதம் வேலூர்ப் போட்டிக்குப் போகப் பயமாக இருக்கிறது என்றாய். "தோத்துட்டா எல்லாரும் என்ன சொல்வாங்க அத்தை?" என்று கேட்டாய். மாநிலச் சதுரங்கக் கோப்பையை ஜெயிப்பதற்கு முன் ஒரு நாளும் நீ இப்படிக் கேட்டதில்லை. தேரடித் தெருவில் உன் படம் போட்ட ஃப்ளெக்ஸ் ஏறிய பிறகுதான் கேட்கிறாய். அந்த மாற்றம் எனக்குக் கவலையாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிற குகேஷ் படம் 2024 டிசம்பர் 12-இல் சிங்கப்பூரில் எடுத்தது. டிங் லிரென்னுடன் பதினான்காவது ஆட்டம். 55-ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையை வைக்கக் கூடாத கட்டத்தில் வைத்தார். மூன்று நகர்த்தலில் எல்லாம் முடிந்தது. பதினெட்டு வயதுப் பையன் உலகச் சாம்பியன். அழுதுகொண்டே அவன் காய்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் அடுக்கிவைத்ததை நாம் சேர்ந்து பார்த்தோம். அந்த ஆட்டத்தை நீ மனப்பாடமாகச் சொல்வாய். அடுத்த ஒன்பது மாதத்தில் அவன் என்ன ஆடினான் என்று கேட்டால் சொல்ல மாட்டாய். உனக்கு இப்போது வேண்டியது அந்த ஒன்பது மாதம்தான்.

2025 பிப்ரவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஜீ. கடைசி ரவுண்டில் அர்ஜுன் எரிகைசியிடம் தோற்றான். முதலிடத்துக்கான டை பிரேக்கில் பிரக்ஞானந்தாவிடமும் தோற்றான். ஜூனில் நார்வேயில் கார்ல்சனை அவன் ஜெயித்தபோது அவர் மேசையில் ஓங்கிக் குத்தியது உலகம் முழுக்க ஓடியது. செப்டம்பரில் சமர்கண்ட். அங்கே அடுத்தடுத்து மூன்று ஆட்டம் தோற்றான். அதில் ஒன்று பதினாறு வயது அபிமன்யு மிஸ்ராவிடம். 'இவனெல்லாம் சாம்பியனா' என்று பேசியவர்களை நம் தெரு டீக்கடையிலேயே கேட்டேன். சிங்கப்பூரில் ஜெயித்த அன்று பட்டாசு வெடித்ததும் அதே ஆட்கள்தான். அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு முடிவு மட்டும்தான் தெரியும். ஆடுகிறவளுக்கு முழு ஆட்டமும் தெரியும். உன்னைப் பற்றிய தீர்ப்பை அவர்களிடம் விட்டுவிட்டால், ஆட்டத்தில் உனக்கு என்ன மிச்சம் இருக்கும்?

அந்தப் படத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் டிங்கையும் பார். அவரைத் தோற்றவர் என்றுதான் உனக்குத் தெரியும். 2023 ஏப்ரலில் அஸ்தானாவில் நெப்போம்னியாச்சியை டை பிரேக்கில் ஜெயித்து, சீனாவிலிருந்து உலகச் சாம்பியன் ஆன முதல் ஆண் அவர். ஒரு மனிதர் ஆசைப்படக்கூடிய எல்லாம் கைக்கு வந்த பிறகும் மன அழுத்தம் அவரை விடவில்லை. சிகிச்சை எடுத்தார். பல மாதம் போட்டிப் பக்கமே வரவில்லை. திரும்பி வந்த பிறகும் ஆட்டம் பழையபடி கூடவில்லை. குகேஷோடு ஆடப் போகும் முன்பு, தான் மிக மோசமாகத் தோற்றுவிடுவோமோ என்று பயமாக இருப்பதாக வெளிப்படையாகவே சொன்னார். அப்படிச் சொன்னவர் முதல் ஆட்டத்தை, அதுவும் கறுப்புக் காயோடு, ஜெயித்தார், பன்னிரண்டாவதையும் ஜெயித்தார், கடைசி ஆட்டம் வரை சமமாக இழுத்தார். பயத்தை மறைக்காமல் வாய்விட்டுச் சொன்ன அந்த மனிதர்மேல் எனக்கு இருக்கிற மரியாதை, சாம்பியன் பட்டத்தால் வந்ததில்லை. நீயும் என்னிடம் சொன்னாய் அல்லவா, அது நல்ல காரியம். அம்மாவிடமும் கோச்சிடமும் சொல். மனதில் பாரம் தங்கிவிட்டால், தூக்கம் கெட்டால், டாக்டரிடம் போவதில் வெட்கம் ஒன்றும் கிடையாது.

ஊர் ஒருவரைத் தூற்றுவதற்கும் தூக்கிவைப்பதற்கும் நம் ஊரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ரமண மகரிஷியைப் பற்றிச் சொல்லும்போது வயதான முகத்தைத்தான் காட்டுகிறார்கள். 1896 செப்டம்பர் 1-இல் அவர் இங்கே திருவண்ணாமலையில் வந்து இறங்கியபோது வயது பதினாறு. பேசாமல் உட்கார்ந்திருந்த பையன்மேல் விடலைகள் கல்லெறிந்தார்கள். ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்கத்தில் போய் ஒளிந்தார். கொஞ்ச காலத்தில் நிலைமை நேர்மாறாகப் போயிற்று. கீழ்நாத்தூர்ப் பக்கம் குருமூர்த்தத்தில் அவர் இருந்தபோது கூட்டம் தாங்க முடியாமல், ஆட்கள் தொடாதபடி அவரைச் சுற்றி மூங்கில் வேலியே கட்டினார்கள். பணிவிடை செய்துவந்த தம்பிரான் ஒருபடி மேலே போய், கோயில் மூர்த்திக்குச் செய்வதுபோல அவருக்கே அபிஷேக ஆராதனை செய்ய ஏற்பாடு பண்ணினார். மறுநாள் தம்பிரான் சாப்பாட்டோடு வந்தபோது சுவரில் கரித்துண்டால் எழுதியிருந்தது: இந்த உடம்புக்கு உணவு என்கிற தொண்டே போதும் என்ற பொருளில். அப்போது ரமணருக்குப் பதினேழு வயது. கல்லெறிந்ததும் இதே ஊர், கற்பூரம் காட்ட வந்ததும் இதே ஊர். உன் சதுரங்கத்தை அவர் தவத்தோடு ஒப்பிடுவது என் எண்ணமில்லை. ஆனால் ஒரு சின்ன வயது ஆளை ஊர் எடுத்துச் சிலையாக்கப் பார்க்கும்போது, 'எனக்கு இவ்வளவு போதும்' என்று அந்த ஆளே சொல்ல முடியும் என்பது இங்கே நடந்த சங்கதி. குருமூர்த்தம் நீ டியூஷன் போகிற வழியிலிருந்து தூரமில்லை. ஒரு நாள் போய்ப் பார்.

'போதும்' என்று சொல்லவேண்டிய நேரம் உனக்கு இப்போதே வந்துவிட்டது. போன வாரம் மட்டும் சங்கத்துக்காரர்கள், நகைக்கடை, பள்ளிக்கூட நிர்வாகம் என்று எத்தனை பேர் மேடைக்குக் கூப்பிட்டார்கள்! இப்படிக் கூடுகிறவர்களைப் பற்றி ஒரு சம்பவம் சொல்கிறேன். அமெரிக்காவில் போக்கர் சீட்டாட்டத்துக்கு ஆண்டுதோறும் உலகத் தொடர் நடக்கும். 2006-இல் அதன் முதன்மைப் போட்டியில் ஆடிய 8,773 பேரில் முதலாவதாக வந்து 1.2 கோடி டாலர் ஜெயித்தார் ஜேமி கோல்ட். உடனே, பாதிப் பணம் தனக்குச் சேரவேண்டும் என்று ஒருவர் வழக்குப் போட்டார். சமரசம் ஆக அடுத்த வருடம் ஆயிற்று. பணம் வைத்து ஆடுகிற ஆட்டம் உனக்கு வேண்டவே வேண்டாம். ஆனால் வெற்றிக்குப் பங்காளிகள் எவ்வளவு சீக்கிரம் முளைப்பார்கள் என்பதைத் தெரிந்துகொள். உன் கோப்பைக்குப் பங்கு கேட்கிறவர்கள் உன் நேரத்தைத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள்.

வேலை என்று பார்த்தால், மாநிலப் போட்டியில் நீ ஜெயித்த ஆட்டங்களை எடுத்து வை. தோற்ற ஆட்டத்தை அலசுகிற மாதிரியே அவற்றையும் அலசு. ஐந்தாவது ரவுண்டில் உன் குதிரை மாட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் கவனிக்காமல் விட்டதால் தப்பித்தாய். அதை நீ நோட்டில் எழுதவே இல்லை. எழுது. கோப்பை வாங்கிய கையால் அதை எழுதுவது கஷ்டம்தான், ஆனால் அப்படி எழுதுகிறவளுக்கு ஊர் போடுகிற மாலை கழுத்தை அழுத்தாது. எஞ்சின் காட்டுகிற எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், அந்த நகர்த்தலில் என்ன நினைத்தாய் என்பதை உன் வார்த்தையில் எழுதிவிடு. போட்டி நடக்கும் நாட்களில் போன் அம்மாவிடம் இருக்கட்டும். வாழ்த்தும் வேண்டாம், வசையும் வேண்டாம்.

வைஷாலியைப் பற்றியும் சொல்லவேண்டும். 2023-இல் பெண்கள் கிராண்ட் ஸ்விஸ் போட்டியை ஜெயித்து, கிராண்ட்மாஸ்டர் பட்டமும் வாங்கியவர். 2025 ஆகஸ்டில், சொந்த ஊரான சென்னையில், தன் மக்கள் முன்னால், ஒரு போட்டியின் சேலஞ்சர்ஸ் பிரிவில் தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றார். ஏழு! தினமும் காலையில் எழுந்து, குளித்து, அதே மண்டபத்துக்குப் போய், அதே நாற்காலியில் உட்காரவேண்டும். அடுத்த மாதமே சமர்கண்டுக்குப் போனார். குகேஷ் மூன்று ஆட்டம் தோற்ற அதே சமர்கண்ட். பெண்கள் கிராண்ட் ஸ்விஸ்ஸை இரண்டாம் முறையாக ஜெயித்துத் திரும்பினார். ஆனந்தும் 2013-இல் சென்னையிலேயே கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். நாலு மாதம் கழித்து, உலகச் சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸை ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் ஜெயித்தார். அந்தக் கேண்டிடேட்ஸுக்கு அவர் போகாமல் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதையும் யோசித்துப் பார்.

வேலூருக்கு நீ போகிறாய். ஜெயிப்பாய் என்று நான் சொல்ல மாட்டேன். அது எனக்குத் தெரியாது. பதினைந்தாம் தேதி பாராட்டு விழாவுக்கு உன்னால் வர முடியாது என்று சங்கத்துக்காரர்களிடம் நானே பேசிவிட்டேன். அப்பா கொஞ்சம் முறைப்பார், நான் பார்த்துக்கொள்கிறேன். போட்டியில் ஆடிய ஆட்டங்களை முடிவு எதுவாக இருந்தாலும் எழுதி அனுப்பு. குதிரை மாட்டிக்கொண்ட அந்த ஆட்டத்தை முதலில் அனுப்பு.

அன்புடன்,
அத்தை
திருவண்ணாமலை