வெந்நீர் தராத ஞாயிற்றுக் கருவி

பாளையங்கோட்டை மாடிகளிற் சோலார் ஹீட்டர் எனும் வெந்நீர்க் கருவிகள் பல உள. நல்ல வெயிலிலும் நீர் சுடாவிடின், கருவியையே பழித்துப் புதியது வாங்க விரைவார் உளர். நோயறியாது மருந்துண்ணல் தகுமோ?

வெயிலேற்கும் பலகையிற் சூடான நீர் இலேசாகி மேலுள்ள தொட்டிக்கு ஏறும், குளிர்நீர் கீழிறங்கும். இவ்வோட்டமே கருவியின் உயிர். நண்பகலிற் பலகையின் மேல்முனைக் குழாயைத் தடித்த துணிகொண்டு தொட்டறிக. குளிர்ந்திருப்பின், கண்ணாடிப் புழுதியையோ தென்னை நிழலையோ நீக்குக. அது கொதித்தும் தொட்டி குளிர்ந்திருப்பின், ஓட்டம் தடைப்பட்டது: குழாயிற் காற்றுச் சிக்கியிருக்கலாம்; அன்றேல் ஆழ்துளைக் கிணற்று நீரின் சுண்ணம் வெம்மையாற் பிரிந்து படிந்திருக்கலாம். காற்றுப்போக்கியைத் திறந்து வைத்தலும், வல்லாரைக்கொண்டு சுண்ணம் அகற்றலும் தீர்வாம்.

குளிர்நாட்டு வீடுகளை வெதுப்பும் ரேடியேட்டருக்கும் இஃதொக்கும்: மேற்புறம் குளிரின் காற்று, அடிப்புறம் குளிரின் கசடு. குறியறிந்து திருத்துவார்க்குப் பொருளும் மிஞ்சும். வீட்டு முதியோர்க்கு வெந்நீரும் கிட்டும்.