அப்பாவின் காகிதக் கட்டுகள்

கேள்வி: அப்பா மாட்டுங்கா வீட்டில் ஐம்பது வருடமாகக் கல்யாணப் பத்திரிகைகள், கச்சேரி நோட்டீஸ்கள், மளிகை ரசீதுகள் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறார். பழைய காகிதம் வாங்கும் ரத்திவாலாவிடம் போட்டுவிடலாமா? எதற்காகத்தான் இப்படிச் சேர்க்கிறார்கள்?
– ஒரு வாசகி, செம்பூர்

பதில்: தயவுசெய்து போடாதீர்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதுவது தொழில். புத்தகம், பத்திரிகையோடு நிற்காமல் நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று யாரும் மதிக்காத காகிதத்தையும் தேடித் தேடிச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. நாட்டைவிட்டுப் போகாமல் 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று தமிழ் அச்சு வரலாறு எழுதுவோர் அங்கே போகாமல் முடியாது.

டாடா சகோதரர்கள் சேர்த்த ஓவியங்களும் கலைப்பொருட்களும் உங்கள் மும்பை அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பிழைக்க வந்த தமிழரின் காகிதங்களை யார் வைத்திருக்கிறார்கள்? சண்முகானந்தா சபாவில் எந்த ஆண்டு யார் பாடினார், அரிசி என்ன விலை, எந்தக் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது – இதெல்லாம் அந்தக் கட்டுகளில்தான் இருக்கும். எடைக்குப் போட்டால் கூழாகிவிடும்.

ஏன் சேர்க்கிறார்கள் என்றால், சிலருக்கு வேட்டையின் ருசி. சிலருக்கு வரிசை நிரம்பும் நிறைவு. ஊர் விட்டு வந்தவர்களுக்கு, இங்கே வாழ்ந்தோம் என்பதற்கான சாட்சி. உங்கள் அப்பா மூன்றாம் வகை என்றே எனக்குப் படுகிறது.

மழைக்கு முன் கட்டுகளைத் தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். அவரை உட்கார வைத்து, யார், எங்கே, எப்போது என்று கேட்டு ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் குறியுங்கள்.