கதிர்வீச்சு அளவுகளைப் படிப்பது எப்படி?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தால் மறுநாளே செய்தித்தாள்களில் எண்கள் வெளிவரத் தொடங்கும். நாம் அந்த எண்ணை மட்டுமே பார்க்கிறோம். அதன் அலகையும், அளந்த கருவியையும் பார்ப்பதில்லை. அலகு எழுதாத விடைக்கு நம் பேராசிரியர்கள் மதிப்பெண் குறைப்பது வீண் கண்டிப்பன்று என்பதை இதைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

2011 மார்ச் 11 அன்று ஏற்பட்ட நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தைச் சிதைத்தன. மார்ச் 15 அன்று, 3-ஆம் உலையின் அருகே மணிக்கு 400 மில்லிசீவர்ட் என்று அறிவித்தார்கள். முன்பு சொன்னவை மைக்ரோசீவர்ட், இது மில்லிசீவர்ட் என்று அரசின் சார்பில் தனியே விளக்க வேண்டியிருந்தது. ஒரு மில்லி ஆயிரம் மைக்ரோ அல்லவா? உலகச் சராசரியாக ஒருவர் இயற்கையிலிருந்து ஓராண்டில் பெறும் கதிர்வீச்சு சுமார் 2.4 மில்லிசீவர்ட். மணிக்கு 400 மைக்ரோசீவர்ட் உள்ள இடத்தில் அதைப் பெற 6 மணி நேரம் ஆகும். 400 மில்லிசீவர்ட் உள்ள இடத்தில் 22 விநாடி போதும். பள்ளிக்கூடம் போகாத என் தந்தையாரிடம் அந்த எண்ணைச் சொன்னபோது, "அது நெறையவா, கொஞ்சமா?" என்று கேட்டார். இந்தக் கணக்கைச் சொன்னதும் வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அலகு சரியாக இருந்தும் எண் ஏமாற்றிய இடம் செர்னோபில். 1986 ஏப்ரல் 26 அதிகாலையில் அங்கே 4-ஆம் உலை வெடித்தது. ஊழியர்கள் கையிலிருந்த கருவிகள் விநாடிக்கு 1000 மைக்ரோராண்ட்ஜன் வரையே காட்டக் கூடியவை. முள் கடைசிக் கோட்டில் போய் நின்றது. அதை 3600 விநாடியால் பெருக்கினால் மணிக்கு 3.6 ராண்ட்ஜன். ஆக, 3.6 என்பது அளந்த மதிப்பன்று, கருவியின் எல்லை. நம் ஆய்வுக்கூடத்து 5 கிலோ சுருள்வில் தராசில் அரிசி மூட்டையைத் தொங்கவிட்டாலும் முள் 5-ஐத்தானே காட்டும்!

உண்மையில் உலையின் இடிபாடுகளருகே மணிக்கு ஆயிரக்கணக்கான ராண்ட்ஜன் இருந்தது. உடல் முழுவதும் சுமார் 400 ராண்ட்ஜன் பட்டால், சிகிச்சையின்றிப் பாதிப்பேர் பிழைப்பதரிது. மணிக்கு 3.6 என்றால் அந்த அளவை எட்ட நான்கு நாட்களுக்கு மேலாகும். மணிக்கு 4000 என்று கொண்டால் ஆறே நிமிடம். கடுங்கதிர்வீச்சு நோயுற்ற ஊழியர்களும் தீயணைப்பு வீரர்களும் 134 பேர்; அவர்களுள் 28 பேர் அவ்வாண்டிலேயே இறந்தனர்.

இந்தப் பாடத்துக்குப் பின்னும் 2013 ஆகஸ்டில் ஃபுகுஷிமாவில் அதுவே நடந்தது. கழிவுநீர்த் தொட்டியொன்றின் அருகே மணிக்கு 100 மில்லிசீவர்ட் என்றார்கள். அந்தக் கருவியின் உச்சமே 100 தான். வேறு கருவி கொண்டு அளந்தபோது 1800 வந்தது. அளவு சில நாட்களில் பதினெட்டு மடங்கு ஏறிவிட்டதாகப் படிப்பவர்கள் எண்ணியிருப்பார்கள், மாறியது கருவி. அந்த 1800-லும் பெரும்பகுதி பீட்டாக் கதிர். அது காமாவைப் போல் வெகுதூரம் பாயாது. மெல்லிய உலோகத் தகடே அதைத் தடுத்துவிடும்.