தேநீர் தானே ஆறுகிறது. படம் தானே சேருமா?

விடுமுறை நாளின் மாலைப்பொழுது. வெளியே மழை பெய்துகொண்டிருக்கிறது. கூடத்தில் பாயை விரித்து, ஒரு படத்துண்டுப் புதிரைக் கொட்டிப் பரப்பியிருக்கிறீர்கள். பக்கத்தில் ஒரு டம்ளர் சூடான தேநீர். வீட்டை விட்டு வெளியே போகாமல் பொழுதைக் கழிக்க இதைவிட இனிய வழி வேறு என்ன வேண்டும்?

துண்டுகளில் மூழ்கியிருந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறீர்கள். தேநீர் ஆறிப்போயிருக்கிறது. அதை யாரும் ஆற்றவில்லை, தானே ஆறிவிட்டது. பாயில் கிடக்கும் துண்டுகளோ நீங்கள் கை வைக்காத வரையில் ஒன்றுகூடத் தன் இடத்துக்குப் போகவில்லை. பெட்டியில் போட்டு எவ்வளவு நேரம் குலுக்கினாலும் படம் சேர்வதில்லை.

தேநீர் ஏன் தானே ஆறுகிறது? படம் ஏன் தானே சேர்வதில்லை? இவை தொடர்பற்ற இரண்டு வினாக்கள் போலத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் விடை ஒன்றுதான். எட்டாம் வகுப்புக் கணக்கு தெரிந்தவர் எவரும் அந்த விடையைத் தாமே கண்டுபிடித்துவிடலாம். வாருங்கள், கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒன்பது துண்டுகள், எத்தனை வழிகள்?

ஜிக்சா என்பது மரப்பலகையை வளைவு வளைவாக அறுக்க உதவும் மெல்லிய ரம்பத்தின் பெயர். அதிலிருந்தே இந்தப் புதிருக்கு ஜிக்சா புதிர் என்ற பெயர் வந்தது. 1760-களில் இலண்டனில் வாழ்ந்த ஜான் ஸ்பில்ஸ்பரி என்னும் நிலப்படச் செதுக்குநர், நிலப்படங்களைப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோடுகள் வழியே அறுத்து விற்றார். சிறுவர்கள் அவற்றைச் சேர்த்துப் பார்த்துப் புவியியல் கற்றார்கள். ஆக, இந்தப் பொழுதுபோக்கு ஒரு பாடமாகத்தான் பிறந்தது.

கடையில் 500 துண்டுகள், 1,000 துண்டுகள் கொண்ட புதிர்கள் கிடைக்கின்றன. நமக்கு 9 துண்டுகளே போதும். பழைய நாட்காட்டிப் படம் ஒன்றைக் கெட்டி அட்டையில் ஒட்டுங்கள். அதைச் சதுரமாக வெட்டிக்கொண்டு, நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு என நான்கு வளைகோடுகள் வரைந்து கத்தரியுங்கள். 3 வரிசை, வரிசைக்கு 3 துண்டுகள். புதிர் தயார்.

இனிக் கணக்கு. முதல் துண்டை 9 இடங்களில் எதிலும் வைக்கலாம். அடுத்த துண்டுக்கு 8 இடங்கள் மீதி, அதற்கடுத்ததற்கு 7. இப்படி இடங்களைப் பொறுத்தமட்டில் 9 × 8 × 7 × 6 × 5 × 4 × 3 × 2 × 1 = 3,62,880 வழிகள் உண்டு. இத்துடன் முடியவில்லை. ஒவ்வொரு துண்டையும் நான்கு திசைகளில் திருப்பி வைக்கலாம் அல்லவா? ஒன்பது துண்டுகளுக்கும் சேர்த்து, நான்கை நான்கால் ஒன்பது முறை பெருக்கிய 2,62,144 வழிகள். இரண்டையும் பெருக்கினால் 9,512 கோடியே 68 லட்சத்து 14 ஆயிரத்து 720.

இத்தனை அமைப்புகளில் முழுப்படம் நேராகத் தெரியும் அமைப்பு ஒன்றே ஒன்றுதான். விநாடிக்கு ஓர் அமைப்பு வீதம், உண்ணாமல் உறங்காமல் ஒருவர் அத்தனையையும் சோதித்தால் முடிக்க 3,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இன்று முடிய வேண்டுமானால் சங்க காலத்துக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்!

பெட்டியைக் குலுக்கினால் படம் சேராததன் காரணம் இப்போது புரிகிறதல்லவா? துண்டுகள் சேரக் கூடாது என்று இயற்கை தடை எதுவும் விதிக்கவில்லை. சேர்ந்த அமைப்பு ஒன்று. சேராத அமைப்புகளோ பல்லாயிரம் கோடி. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் எது கைக்கு வரும்?

டம்ளருக்குள்ளும் அதே கணக்கு

தேநீருக்கு வருவோம். சூடு என்பது மூலக்கூறுகளின் ஓயாத அசைவில் உள்ள ஆற்றல். தேநீரின் மூலக்கூறுகள் டம்ளரை மோதுகின்றன. டம்ளரின் அணுக்கள் காற்றின் மூலக்கூறுகளை உதைக்கின்றன. ஒவ்வொரு மோதலிலும் ஆற்றல் கைமாறுகிறது. இதை ஓர் எளிய விளையாட்டாக ஆடிப் பார்க்கலாம்.

ஒரு தாளில் 10 வட்டங்கள் வரைந்து எண்ணிடுங்கள். 1, 2 ஆகியவை தேநீர். மற்ற எட்டும் காற்று. ஆற்றலுக்குப் பதிலாக நான்கு புளியங்கொட்டைகள். தொடக்கத்தில் நான்கையும் தேநீர் வட்டங்களில் வையுங்கள். இதுதான் சூடான தேநீர். 1 முதல் 10 வரை எழுதிய சீட்டுகளைக் குலுக்கி ஒன்றை எடுங்கள். வந்த எண்ணுள்ள வட்டத்துக்கு முதல் கொட்டையை மாற்றுங்கள். சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்கி, அடுத்த கொட்டைக்கு எடுங்கள். இப்படியே தொடருங்கள்.

சில சுற்றுகளிலேயே கொட்டைகள் பரவிவிடும். நான்கும் மீண்டும் தேநீருக்கு வருமா? நான்கு கொட்டைகளை 10 வட்டங்களில் வைக்க மொத்தம் 10 × 10 × 10 × 10 = 10,000 வழிகள். நான்கும் தேநீரில் இருக்கும் வழிகள் 2 × 2 × 2 × 2 = 16 மட்டுமே. அதாவது 625-க்கு ஒன்று. பொறுமையாக ஆடினால் ஒருநாள் அதையும் பார்த்துவிடலாம். கொட்டைகள் 20 ஆனால் அந்த வாய்ப்பு ஏறத்தாழ 95 லட்சம் கோடிக்கு ஒன்றாகச் சுருங்கிவிடும்.

இது ஒரு மாதிரிதான். உண்மையான ஆற்றலுக்குப் புளியங்கொட்டைகளைப் போலத் தனித்தனி அடையாளம் கிடையாது. ஆனாலும் கணக்கின் போக்கு இதுவே. 180 மில்லிலிட்டர் தண்ணீரில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை, 6-ஐ எழுதி அதன்பின் 24 சுழிகள் போட்டால் வரும் எண். இவ்வளவு மூலக்கூறுகளுக்கும் அறைக் காற்றுக்கும் இடையே ஆற்றல் பங்கிடப்படும் வழிகளை நினைத்துப் பாருங்கள். பரவிக் கிடக்கும் வழிகளுக்கு முன்னால், தேநீரில் மட்டும் குவிந்திருக்கும் வழிகள் கடலில் ஒரு துளிகூட அல்ல. ஆகவே தேநீர் ஆறுகிறது. ஆறிய தேநீர் காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்துத் தானே கொதிப்பதை நாம் கண்டதில்லை, இனியும் காணப்போவதில்லை.

ஓர் அமைப்பு எத்தனை வழிகளில் அமையலாம் என்பதைக் குறிக்கும் அளவே என்ட்ரோபி. இப்பெயரை 1865-இல் சூட்டியவர் ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் கிளாசியஸ். அதை வழிகளின் எண்ணிக்கையோடு இணைத்தவர் ஆஸ்திரிய நாட்டு லுட்விக் போல்ட்ஸ்மன் (1844–1906). என்ட்ரோபி, வழிகளின் எண்ணிக்கையின் மடக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது அவரது முடிவு. வியன்னாவில் உள்ள அவருடைய கல்லறையில் அந்தச் சமன்பாடு பொறிக்கப்பட்டிருக்கிறது. புறத்தொடர்பற்ற ஓர் அமைப்பின் என்ட்ரோபி குறைவதில்லை என்பதே வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. தேநீரும் துண்டுகளும் நமக்குச் சொல்வது இதைத்தான்.

அப்படியானால் நாம் எப்படிச் சேர்த்தோம்?

இங்கே ஒரு கூர்மையான மாணவர் குறுக்கிடுவார். “ஐயா, 3,000 ஆண்டுகள் ஆகும் என்றீர்கள். என் தங்கை இந்தப் புதிரை ஐந்தே நிமிடத்தில் சேர்த்துவிட்டாள். அவள் இரண்டாம் விதியை மீறிவிட்டாளா?”

மீறவில்லை. துண்டுகள் மட்டும் தனித்திருக்கவில்லை. தங்கையும் உடன் இருந்தாள். அவளுடைய கைக்கும் மூளைக்கும் உணவிலிருந்து ஆற்றல் வந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் உடலே ஏறத்தாழ 100 வாட் வீதம் வெப்பத்தை வெளிவிடுகிறது. பாயின் மேல் ஒன்பது துண்டுகள் ஒழுங்கானபோது, அறைக் காற்றில் அதைவிடப் பன்மடங்கு ஒழுங்கின்மை கூடிவிட்டது. மொத்தக் கணக்கில் விதி பிழைக்கவில்லை.

ஆனால் ஆற்றல் மட்டும் இருந்தால் போதுமா? பெட்டியைக் குலுக்கவும் ஆற்றல் செலவாகிறது, படம் சேர்வதில்லையே! தங்கை வேறு ஏதோ செய்திருக்கிறாள். அதையும் கணக்கிட்டுவிடுவோம்.

முதலில் அவள் நேரான விளிம்புள்ள துண்டுகளைப் பிரித்து வைத்தாள். இரண்டு நேர்விளிம்புகள் உள்ள துண்டு மூலைக்குரியது. ஒன்று உள்ளது ஓரத்துக்குரியது. ஒன்றும் இல்லாதது நடுவுக்குரியது. நான்கு மூலைத் துண்டுகளை நான்கு மூலைகளில் வைக்க 24 வழிகள். நான்கு ஓரத் துண்டுகளுக்கும் 24 வழிகள். நேர்விளிம்பு வெளிப்பக்கம் இருக்க வேண்டும் என்பதால் இவற்றைத் திருப்பிப் பார்க்கும் வேலையே இல்லை. நடுத்துண்டுக்கு இடம் ஒன்று, திசைகள் நான்கு. 24 × 24 × 4 = 2,304. ஒரே ஒரு கேள்வி, “உனக்கு நேர்விளிம்பு உண்டா?” என்பது. அதைத் துண்டுகளிடம் கேட்டதும் 9,512 கோடி 2,304 ஆகிவிட்டது!

அடுத்து, எல்லாவற்றையும் வைத்து முடித்த பிறகு சரியா என்று அவள் பார்க்கவில்லை. ஒவ்வொரு துண்டையும் வைத்தவுடனே மூடியில் உள்ள மாதிரிப் படத்தோடு ஒப்பிட்டாள். முதல் மூலைக்கு அதிகம் போனால் 4 முயற்சி; அடுத்ததற்கு 3; பிறகு 2, 1. மொத்தம் 10. ஓரங்களுக்கும் அவ்வாறே 10. நடுத்துண்டுக்கு 4. ஆக 24 முயற்சிகள். முன்பு பெருக்கிக்கொண்டே போன எண்களை இப்போது கூட்டினால் போதும் என்றாகிவிட்டது. அவளுடைய வெற்றியின் இரகசியம் இதுதான்.

வகைப்படுத்துதல், அவ்வப்போதே சோதித்தல் ஆகிய இந்த இரண்டு கருவிகளே அறிவியலிலும் பயன்படுகின்றன. ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். ஜெர்மானியரான ஆல்ஃபிரட் வெகெனர், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் புதிர்த் துண்டுகள்போலப் பொருந்துவதைக் கவனித்தார். கண்டங்கள் ஒருகாலத்தில் ஒன்றாக இருந்து பின்னர் நகர்ந்தன என்று 1912-இல் அறிவித்தார். விளிம்பு மட்டும் பொருந்தினால் போதாது, படமும் பொருந்த வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே இருகரைகளின் பாறைகளையும் புதைபடிவங்களையும் ஒப்பிட்டார். குளோசாப்டெரிஸ் என்னும் பழங்காலத் தாவரத்தின் படிவங்கள் தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் நம் இந்தியாவிலும் கிடைத்திருந்தன. அன்று பலர் அவர் கருத்தை ஏற்கவில்லை; கண்டங்களை நகர்த்தும் விசை எது என்பதற்கு அவரால் தக்க விடை கூற முடியவில்லை. கடலடித் தளத்தின் ஆய்வுகள் வந்த பின்னர், 1960-களில்தான் அந்தப் பெரும்புதிர் சேர்ந்தது. வெகெனரிடம் மாதிரிப் படமுள்ள மூடி இருக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உங்கள் பாடங்களிலும் இதே நிலை உண்டு. ஒரு கணக்கு வரவில்லை என்றால் தெரிந்த சூத்திரங்களை எல்லாம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது பெட்டியைக் குலுக்குவது போன்றது. கொடுக்கப்பட்டவை எவை, கேட்கப்பட்டது எது, அலகுகள் பொருந்துகின்றனவா என்று முதலில் பிரித்து, ஒவ்வொரு படியையும் அங்கங்கே சரிபார்த்தால் 24 முயற்சிகளில் முடிந்துவிடும்.

செய்து பாருங்கள், சிந்தியுங்கள்

1. சூடான தேநீரில் ஆய்வக வெப்பநிலைமானியை வைத்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். தொடக்கத்தில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் ஆறுவதைக் காண்பீர்கள். அறைக்கும் தேநீருக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு அதிகமானால் ஆறும் வேகமும் அதிகம். 1701-இல் நியூட்டன் வெளியிட்ட குளிர்தல் விதி இதுவே.

2. இரண்டு டம்ளர்களில் பால் சேர்க்காத சூடான தேநீர் ஒரே அளவு உள்ளது. ஒன்றில் உடனே குளிர்ந்த பாலை ஊற்றுகிறோம். மற்றதில் 10 நிமிடம் கழித்து அதே அளவு ஊற்றுகிறோம். அந்த 10-ஆவது நிமிடத்தில் எது அதிகச் சூடாக இருக்கும்?

3. 16 துண்டுகள் (4 × 4) கொண்ட புதிரை, மேலே சொன்ன முறையில் வகைப்படுத்தி, துண்டுக்குத் துண்டு சோதித்துச் சேர்த்தால் அதிக அளவாக எத்தனை முயற்சிகள் தேவை?

விடைகள்: (2) உடனே பால் ஊற்றியது. பால் ஊற்றியதும் அறையோடு உள்ள வெப்பநிலை வேறுபாடு குறைந்துவிடுவதால் அது வெப்பத்தை மெதுவாக இழக்கிறது. (3) மூலைகளுக்கு 10, எட்டு ஓரங்களுக்கு 36, நடுவில் உள்ள நான்கு துண்டுகளுக்கு 16 + 12 + 8 + 4 = 40; ஆக மொத்தம் 86.