சின்னம் வரைய ஒரு மணி நேரம், தீர்மானிக்க ஒரு மாதம்



நம் குழுக்களில் கேழ்வரகு மாவு, மசாலாப் பொடி, கடலை மிட்டாய், முந்திரி என்று பல பொருள்கள் தயாராகின்றன. பொருள் தயார். எடை போட்டாச்சு, விலையும் போட்டாச்சு. கடைசியில்தான் யாராவது ஒருவருக்கு ஞாபகம் வரும்: "கவர்ல லோகோ போடணுமே!" உடனே வரைபவரைத் தேடிப் போகிறோம். அவரோ "ஒரு மாசம் ஆகும்" என்கிறார். "ஒரு சின்னப் படம் வரையறதுக்கு ஏங்க்கா ஒரு மாசம்? நம்மகிட்ட காசு பறிக்கிறாங்களோ?" என்று சந்தேகம் வருகிறது. நியாயமான கேள்விதான். இந்த மாதப் பாடத்தில் அதற்குப் பதில் பார்ப்போம்.

சின்னம் எதற்கு?

நம் புதுக்கோட்டையிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது: அம்மன் காசு. தொண்டைமான் மன்னர்கள் வெளியிட்ட சின்னஞ்சிறு செப்புக்காசு அது. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் அம்மன். மறு பக்கம் 'விஜய' என்று தெலுங்கில் எழுத்து. அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆனால் அம்மன் உருவத்தைப் பார்த்தாலே அது எந்த ஊர்க் காசு என்று எல்லோருக்கும் தெரிந்தது.

சின்னத்தின் வேலை இதுதான். படிக்கத் தெரிந்தவரும் தெரியாதவரும் பார்த்தவுடன் "இது இவங்க பொருள்" என்று சொல்ல வேண்டும். விரல் நுனியில் நிற்கிற காசிலும் தெளிவாகத் தெரிய வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துக் கொண்டு வருவதுதான் கஷ்டம்.

ரூபாய் சின்னத்துக்கு எவ்வளவு நாள் ஆனது?

நாம் தினமும் கையில் பிடிக்கும் நோட்டில் ரூபாய்க்கு ஒரு சின்னம் இருக்கிறது. அதை வரைந்தவர் நம் தமிழ்நாட்டுக்காரரான உதயகுமார். அப்போது அவர் மும்பை ஐ.ஐ.டி.யில் வடிவமைப்புத் துறையில் ஆராய்ச்சி மாணவர். மத்திய அரசு 2009 மார்ச்சில் போட்டி அறிவித்தது. நாடு முழுவதும் இருந்து 3,000க்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. அதில் 5 படங்களைப் பொறுக்கி எடுத்து, வரைந்தவர்களை நேரில் அழைத்துக் காரணம் கேட்டார்கள். 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை உதயகுமாரின் படத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதற்கே 16 மாதம் ஆகிவிட்டது.

அதோடு முடியவில்லை. கம்ப்யூட்டரில் அடிப்பதற்கு உலகப் பொது எழுத்துப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருந்தது. அது 2010 அக்டோபரில் நடந்தது. 2011ல் நாணயங்களிலும் 2012ல் நோட்டுகளிலும் வந்தது.

படத்தைப் பார்த்தால் ஒரு வளைவு, ஒரு சாய்ந்த கோடு, மேலே இரண்டு படுக்கைக் கோடுகள். அவ்வளவுதான். இந்தி எழுத்து 'ர'வும் ஆங்கில எழுத்து 'ஆர்'ரும் அதற்குள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளையும் பேனாவால் எழுதிவிடலாம். அப்படி எளிமையாக வருவதற்குத்தான் அத்தனை யோசனை, அத்தனை நாள். நம் குழுவுக்கு 16 மாதம் தேவையில்லை. ஆனால் வேலையின் படிகள் கிட்டத்தட்ட அதேதான்.

ஒரு மாதம் எங்கே போகிறது?

1. கேட்டுத் தெரிந்துகொள்ளுதல் (2 முதல் 4 நாள்): என்ன பொருள், யார் வாங்குவார்கள், சந்தையிலா, கடையிலா, வெளியூருக்கா? பெயர் என்ன? இதை வரைபவர் நம்மிடம் கேட்க வேண்டும். எதுவும் கேட்காமல் வரைய உட்காருபவர் எந்தக் குழுவுக்கும் பொருந்துகிற பூவையோ விளக்கையோதான் போட்டுக் கொடுப்பார்.

2. தேடிப் பார்த்தல் (3 முதல் 5 நாள்): கடையில் இதே பொருளுக்கு என்னென்ன சின்னம், என்னென்ன நிறம் இருக்கிறது? நம் பெயரை வேறு யாராவது ஏற்கெனவே பதிவு செய்திருக்கிறார்களா? டிரேட் மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் இதைக் காசில்லாமல் பார்க்கலாம்.

3. பென்சிலில் வரைதல் (ஒரு வாரம்): இருபது முப்பது படம் வரைந்து, பெரும்பாலானவற்றைக் கழித்து, இரண்டு மூன்றை மிச்சம் வைப்பார். முதலில் தோன்றுவது எல்லோருக்கும் தோன்றுவதாகத்தான் இருக்கும். முந்திரி என்றால் முந்திரிப் பழம், மாவு என்றால் கதிர். அதைத் தாண்டி வரத்தான் நாள் ஆகிறது.

4. நம்மிடம் காட்டித் திருத்துதல் (ஒரு வாரம் முதல் இரண்டு வாரம்): இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

5. சோதித்துப் பார்த்தல் (2 முதல் 3 நாள்): ஐம்பது கிராம் கவரில் தெரிகிறதா? கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் தெரிகிறதா? ரப்பர் ஸ்டாம்ப் செய்தால் மை அப்பிக்கொள்ளுமா? கடை அலமாரியில் பத்தடி தள்ளி வைத்தால் அடையாளம் தெரிகிறதா? ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும். ஐந்து நிறச் சின்னம் அழகுதான். ஆனால் ஒவ்வொரு முறை அச்சடிக்கும்போதும் செலவு கூடும்.

6. ஒப்படைத்தல் (2 நாள்): எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத ஃபைலாக வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படம் மட்டும் போதாது. அதை ஃபிளக்ஸ் போர்டில் போட்டால் கட்டம் கட்டமாகத் தெரியும்.

தாமதம் யாரால்?

உள்ளதைச் சொன்னால், பாதி நாள் நம்மால்தான் போகிறது. படம் வந்து கிடக்கும். நம் கூட்டமைப்புக் கூட்டமோ மாதம் ஒன்று. கூட்டத்தில் ஒருவர் "மஞ்சள் நல்லாருக்கு" என்பார். இன்னொருவர் "பச்சைதான் ராசி" என்பார். மூன்றாமவர் "என் மகன்கிட்ட காட்டிட்டுச் சொல்றேன்" என்பார். அடுத்த கூட்டத்தில் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிப்போம்.

இதற்கு வழி உண்டு. தொடக்கத்திலேயே மூன்று பேரைத் தேர்ந்தெடுத்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். பொருள் தயாரிப்பவர் ஒருவர், விற்பவர் ஒருவர், கணக்குப் பார்ப்பவர் ஒருவர். வரைபவரிடம் இவர்கள் மட்டும் பேசட்டும். இரண்டு முறை திருத்தம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். "அழகா இருக்கா?" என்று கேட்காமல், "சந்தையில வாங்குற அம்மாவுக்கு இது நம்ம பொருள்னு தெரியுமா?" என்று கேளுங்கள். விவாதம் பாதியாகக் குறையும்.

சட்டென்று வரைந்தது ஜெயித்ததே இல்லையா?

ஜெயித்திருக்கிறது. நைக்கி என்ற அமெரிக்கக் காலணிக் கம்பெனியின் 'டிக்' மாதிரிச் சின்னத்தை 1971ல் கேரலின் டேவிட்சன் என்ற மாணவி 35 டாலருக்கு வரைந்து கொடுத்தார். பல படங்கள் போட்டுக் காட்டி, அதில் ஒன்றைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. இன்று அதை உலகமே அறியும். ஆனால் பெயர் வாங்கித் தந்தது பல வருடம் அந்தக் கம்பெனி விற்ற செருப்பும் ஷூவும். 1983ல் கம்பெனியே அவரை அழைத்துப் பங்குகளும் பரிசாகக் கொடுத்தது. சின்னம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், உள்ளே இருக்கும் மாவில் கல் இருந்தால் வாங்கியவர் திரும்பி வரமாட்டார். இதை மறக்க வேண்டாம்.

இன்று செல்போன் ஆப்பில் ஐந்து நிமிடத்தில் லோகோ கிடைக்கிறது. திருவிழாக் கடைக்கு அது போதும். ஆனால் அதே மாதிரிப் படத்தை ஆயிரம் பேர் எடுத்திருப்பார்கள். அதை 'எங்களுடையது' என்று பதிவு செய்து காப்பாற்றுவது கஷ்டம்.

அவசரப்பட்டால் என்ன நஷ்டம்?

ஒரு கணக்குப் போடுவோம். கவர் ஒன்று 3 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 5,000 கவருக்கு 15,000 ரூபாய். அடித்த பிறகுதான், நம் சின்னம் வேறொரு கம்பெனியின் சின்னம் மாதிரியே இருப்பது தெரிகிறது. அவர்கள் நோட்டீஸ் அனுப்பினால் கவர் முழுவதும் குப்பை. அந்த 15,000 யாருடைய பணம்? வாரா வாரம் நாம் சேர்த்த சேமிப்பு, அல்லது வட்டி ஓடும் வங்கிக் கடன். ஒரு மாதம் பொறுத்திருந்தால் இந்த நஷ்டம் இல்லை.

பதிவுக்குத் தனி நாள் வேண்டும்

சின்னம் முடிவான பிறகு டிரேட் மார்க் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். நம் மாநிலத்துக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது. இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் இணையவழிக் கட்டணம் 4,500 ரூபாய். சின்னம் அரசின் டிரேட் மார்க் இதழில் வெளியான பின், மற்றவர்கள் ஆட்சேபம் சொல்ல 4 மாதம் அவகாசம் உண்டு. பதிவானால் 10 வருடம் செல்லும். பிறகு புதுப்பிக்கலாம். பதிவாகும் முன் வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்துப் போடக்கூடாது.

வரைபவரிடம் "இந்தச் சின்னத்தின் முழு உரிமையும் கூட்டமைப்புக்கே" என்று கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். பணம் கொடுத்த ரசீது மட்டும் போதாது. 'மதி' பெயரில் விற்க நினைக்கும் குழுக்கள் முதலில் மகளிர் திட்ட அலுவலகத்தில் விதிமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே சகோதரிகளே, தீபாவளிக்குப் பொருள் விற்க வேண்டுமானால் ஆடி மாதமே சின்னத்துக்கான பேச்சைத் தொடங்குங்கள். விதை போடும் நாளை அறுவடையிலிருந்து பின்னோக்கி எண்ணுகிற நமக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

* நம் பொருளை வாங்குபவர் யார்? அவர் எதைப் பார்த்து நம்மை அடையாளம் காண்கிறார்?
* நம் பெயரை வேறு யாரும் வைத்திருக்கிறார்களா? பார்த்துச் சொல்லும் பொறுப்பு யாருக்கு?
* சின்னத்தை முடிவு செய்யும் மூன்று பேர் யார்?
* எந்தப் பண்டிகைக்கு விற்கப் போகிறோம்? அதற்கு எந்தத் தேதியில் தொடங்க வேண்டும்?

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதிவிட்டு, அதை எடுத்துக்கொண்டு வரைபவரிடம் போங்கள். அவருடைய ஒரு மாதத்தில் ஒரு வாரம் அங்கேயே மிச்சம்.