செல்ல நாயின் உடம்பில் கட்டியா? தடவிப் பார்த்து முடிவு கட்டாதீங்க!

குளிப்பாட்டும்போதோ உண்ணி பார்க்கும்போதோ உங்கள் நாயின் தோலில் பட்டாணி அளவில் ஒரு கட்டி கையில் தட்டுப்படுகிறது. வலி இல்லை, நாயும் நன்றாகச் சாப்பிடுகிறது. ‘வயசாச்சுல்ல, கொழுப்புக் கட்டியா இருக்கும்’ என்று விட்டுவிடுகிறோம். பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் நாய்களுக்கு அதிகம் வரும் தோல் புற்றுநோய்களில் ஒன்றான ‘மாஸ்ட் செல் கட்டி’யும் தொட்டால் அச்சு அசலாக அப்படியே இருக்கலாம். மரு மாதிரி, பூச்சி கடித்த தடிப்பு மாதிரி, முடி உதிர்ந்த சிவப்புத் திட்டு மாதிரி என எந்த வேடத்திலும் வரும். அனுபவமுள்ள மருத்துவராலும் தடவிப் பார்த்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பிக் கேட்டாலும் அதே கதைதான்.

மாஸ்ட் செல் என்பது நம் தோலிலும் நாயின் தோலிலும் இயல்பாகவே இருக்கும் நோய் எதிர்ப்பு செல். அதற்குள் ஹிஸ்டமின் போன்ற வேதிப்பொருள்கள் சிறு துகள்களாக அடைந்து கிடக்கும். ஒவ்வாமையில் அரிப்பும் வீக்கமும் வருவது இவை வெளியே கொட்டுவதால்தான். இந்த செல்கள் புற்றாகிப் பெருகினால், அந்தக் கட்டியே ஒரு ஹிஸ்டமின் மூட்டை. அதனால்தான் சில கட்டிகள் இன்று பெரிதாகவும் நாளை சிறிதாகவும் தெரியும். ‘வத்திப்போச்சு, சரியாயிடுச்சு’ என்று நினைக்காதீர்கள். இப்படி ஏறி இறங்குவதே சந்தேகப்பட வேண்டிய அறிகுறி. பிதுக்கவோ தேய்க்கவோ கூடாது, சுற்றிலும் சிவந்து வீங்கிவிடும். ஹிஸ்டமின் இரைப்பையில் அமிலத்தைக் கூட்டுவதால் புண் உண்டாகலாம். கட்டியோடு வாந்தியும் தார் போன்ற கறுப்பு மலமும் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

பாக்ஸர், பக், லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் இனங்களில் இது அதிகம். நாட்டு நாய்க்கு வராது என்பதில்லை.

சோதனை எளிமையானது. மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் செல்களை எடுத்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பெரும்பாலும் மயக்க மருந்துகூட வேண்டாம். ஊதா நிறத் துகள்கள் நிரம்பிய உருண்டை செல்கள் தெரிந்தால் ஆள் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். கட்டி ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, ஒரு மாதமாக மறையாமல் இருந்தாலோ ‘டாக்டர், ஊசி டெஸ்ட் எடுத்துடலாமா?’ என்று நீங்களே கேளுங்கள். அதற்கு முன் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, கண்டுபிடிப்பதே சிரமமாகிவிடும். உங்கள் போனுக்கும் இங்கே ஒரு வேலை உண்டு. கட்டியின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வாரம் ஒரு படம் எடுங்கள். அளவு மாறியதை மருத்துவரிடம் காட்டலாம்.

சிகிச்சையில் முதலிடம் அறுவைக்குத்தான். கட்டியை மட்டும் எடுத்தால் போதாது. வழக்கமாகச் சுற்றிலும் 2 முதல் 3 செ.மீ. நல்ல தோலையும், அடியில் ஒரு திசு அடுக்கையும் சேர்த்தே எடுப்பார்கள். ‘சின்னக் கட்டிதானே’ என்று சோதிக்காமல் ஒட்டி வெட்டினால், ஓரத்தில் தங்கிய செல்கள் மறுபடி வளரக்கூடும். காலில் என்றால் இரண்டாவது ஆபரேஷனுக்குத் தோலே பற்றாது. ஊசி சோதனையை முதலில் செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

எடுத்த கட்டியைத் தூக்கிப் போட விடாதீர்கள். ஃபார்மலினில் போட்டுத் திசு ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். ஓரங்கள் சுத்தமா, தீவிரம் குறைவா அதிகமா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் அந்த ரிப்போர்ட்டில்தான் இருக்கிறது. தீவிரம் குறைந்து, ஓரமும் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் அறுவையோடு முடிந்துவிடும். தீவிரம் அதிகமென்றால் நிணநீர் முடிச்சு, மண்ணீரல், கல்லீரல் வரை பார்ப்பார்கள்; வின்பிளாஸ்டின் ஊசி, பிரெட்னிசோலோன் மாத்திரை என்று சிகிச்சை நீளும். நாய்ப் புற்றுக்கென்றே அமெரிக்காவில் 2009-ல் அனுமதி பெற்ற டோசெரனிப் மாத்திரையும் உண்டு.

உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் இந்தச் சோதனைக்கு வழி இல்லையென்றால், சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள். பழைய ரிப்போர்ட்களையும் படமெடுத்து போனில் வைத்திருங்கள்.

குணமான பிறகும் மாதம் ஒருமுறை தலை முதல் வால் வரை தடவிப் பாருங்கள். வேறு இடத்தில் கட்டி வந்தால் பழையது பரவிவிட்டது என்று பதற வேண்டாம். அது புதிதாக முளைத்ததாகவும் இருக்கலாம். அதற்கும் தனியாக ஊசி டெஸ்ட் எடுக்க வேண்டும்.